நிலாமுற்றமும் விலைக்கு

இவ்வாரம் நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியத் தொடருக்குச் சற்றுப் புறம்பானதாக உங்களுக்குத் தோன்றலாம். கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் உச்சித் தட்டில் உள்ள வீடு விற்பனைக்கு வருகிறது. மூன்று அறைகள், அண்மையில் திருத்தி அமைத்த குசினி, மேலே ஏறினால் மொட்டைமாடி. வீடு என் அக்காவுடையது. அதற்குப் பத்திரிகை விளம்பரம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆவணி விடுமுறையில் கிளிநொச்சியிலிருந்து ரயில் ஏறிப் போயிருந்தேன். தேநீரைக் கையில் தந்துவிட்டு அக்கா சொன்னாள்: "தம்பி, நீ தமிழ் படிப்பிக்கிறனி. பேப்பருக்குப் போட நாலு வரி எழுதித் தா. தரகர் எழுதினது எனக்குப் பிடிக்கேல்லை."

தரகர் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். ‘விசாலமான’, ‘காற்றோட்டமுள்ள’, ‘அமைதியான சூழலில்’, ‘தெளிவான உறுதியுடன்’ என்று எல்லா வீட்டுக்கும் பொருந்தும் சொற்கள். ஒரு வீட்டின் விளம்பரத்தை மற்றொரு வீட்டுக்கு மாற்றி ஒட்டினாலும் எவருக்கும் தெரியாது. நாம் மாணவரின் கட்டுரைகளில் சிவப்பு மையால் கோடு கீறும் அதே குற்றம்தான். சரி, நான் எழுதிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். பத்திரிகைக்காரர் சொல்லை எண்ணித்தான் காசு வாங்குகிறார்கள். ஆகவே சுருங்கச் சொல்லல் என்ற அழகு இங்கே சிக்கனமும் ஆகிறது. அத்தான் நட்ட கறிவேப்பிலை, மேற்கே தெரியும் கடல், தைப்பொங்கலன்று மொட்டைமாடியில் முதற்கதிர் விழும் மூலை என்றெல்லாம் எழுதி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"உதென்னடா, அந்தியேட்டிக் கல்வெட்டு மாதிரிக் கிடக்கு. ஆரடா செத்தது?"

நேயர்களே, நான் எழுதியதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றிரவு மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்தபோது எழுந்த யோசனைகளே இந்தப் பேச்சு.

மொட்டைமாடி என்ற பெயரே எனக்கு உவப்பானதன்று. மொட்டை என்றால் இல்லாமை. மரம் மொட்டையாக நிற்கிறது என்கிறோம். கையொப்பமில்லாத கடிதத்தை மொட்டைக் கடிதம் என்கிறோம். கூரையில்லாத குறையைப் பெயராக்கி வைத்திருக்கிறோம். பழந்தமிழ் அப்படி நினைக்கவில்லை. நிலாமுற்றம் என்றது. அரமியம் என்றது. சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது வேயாமாடம் என்கிறார். வேயப்படாத மாடம், அதாவது ஓலையோ ஓடோ போடாது வானத்துக்கு விட்டுவைத்த மாடம். இதுவும் இல்லாமையைச் சொல்லும் சொல்தான். ஆனால் இதில் ஒரு வேண்டுமென்ற செயல் தெரிகிறது. வேய முடியாமல் விட்டதன்று, வேயாமல் விட்டது.

அந்த நிலாமுற்றத்தில் என்ன நடந்தது என்பதை மனையறம்படுத்த காதை சொல்கிறது. கோவலனும் கண்ணகியும் உயர்ந்த மாடத்தின் நடு நிலையில் இருக்கிறார்கள். பூக்களின் மணத்தைச் சுமந்துகொண்டு தென்றல் சாளரத்தின் வழியே நுழைகிறது. அதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் மேலே, அரமியத்துக்கு ஏறுகிறார்கள். காவியம் முழுவதிலும் அந்த இருவர் கவலையின்றி இருக்கும் இடம் அது ஒன்றுதான். பிறகு கோவலனின் தாய் அவர்களைத் தனிக்குடித்தனம் வைக்கிறாள், மாதவி வருகிறாள், பொருள் போகிறது, சிலம்பு மட்டும் மிஞ்சுகிறது. மதுரைக்குப் போன பிறகு அதே கண்ணகிக்குக் கிடைப்பது மாதரி என்ற இடைக்குல மூதாட்டி கொடுத்த சிற்றில். செம்மண் பூசிய சிறிய மனை. தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்து, கணவனுக்குச் சோறு படைக்கிறாள். பல மாடி உயரத்திலிருந்து மண் தரைக்கு இறங்கிய பெண்ணின் முகத்தில் முறைப்பாடு ஒன்றையும் இளங்கோ காட்டவில்லை. வகுப்பில் இந்த இரண்டு வீடுகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்வது என் வழக்கம். பிள்ளைகள் மாளிகையை மளமளவென்று வரைந்துவிடுவார்கள். சிற்றிலுக்குத்தான் நேரம் எடுப்பார்கள். கொட்டிலில் இருந்து பழகிய பிள்ளைகளுக்கு அதன் வளையும் கப்பும் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும், அதனால் பிழையாக வரைய மனம் வராது.

புகாரில் விட்டுவந்த அந்தப் பெருமனை பிறகு என்னவாயிற்று? விற்றார்களா? இளங்கோ விற்பனையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகன் கொலையுண்ட செய்தி கேட்ட மாசாத்துவான் தன் பெரும் பொருளையெல்லாம் தானமாகக் கொடுத்துவிட்டுத் துறவு பூண்டான் என்று நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாகத் தெரியவருகிறது. ஆக, தமிழின் முதற் காப்பியத்து நிலாமுற்றம் கொடைக்குப் போயிருக்கலாம், விலைக்கு வரவில்லை.

இந்த இடத்தில் கவிதையை விட்டு ஒழுக்குக்கு வருகிறேன். ஆம், மழை ஒழுக்கு. மொட்டைமாடி உள்ள வீட்டை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது நிலா வருமா என்பதன்று, தண்ணீர் போகுமா என்பது. வெயிலில் பிளேட் விரிகிறது. மழை பட்டதும் சுருங்குகிறது. பல வருடம் இப்படி மூச்சு வாங்கிய கொங்கிறீற்றில் மயிரிழைபோல வெடிப்பு விழும். நீர் வாய்க்குள் ஒரு அரசிலை அடைத்தால் போதும், மேலே தேங்கிய தண்ணீர் அந்த வெடிப்பைக் கண்டுபிடித்துவிடும். அக்கா வீட்டிலும் அதுவே நடந்தது. முதலில் வந்த ஒப்பந்தக்காரர் மேலே சீமெந்தைப் பூசி, நிறமும் அடித்து, காசையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஐப்பசியில் அக்காவின் சாமியறைச் சுவரில் ஈரம் இலங்கைப் படம்போல இறங்கியது. அத்தான் உயிரோடு இருந்த காலம். அவர் ஒரு மேசனைக் கூட்டிவந்து, பழைய ஓடுகளையெல்லாம் கிளப்பி, வாட்டம் சரிசெய்து, நீர் புகாத பூச்சுப் பூசி, பிறகு நீர் வாயை அடைத்துவிட்டு இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்தார். கீழே அறை அறையாகச் சென்று அண்ணாந்து பார்த்தபடி இருந்தாராம். ஒரு சொட்டும் இறங்கவில்லை. விளம்பரத்தில் ‘புதுப்பிக்கப்பட்ட’ என்று ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவது அந்த இரண்டு நாள்.

இது இன்றைய சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் இதே நீர் வாய் வருகிறது. நண்பகலில் கோலின் நிழல் சாயாதிருக்கும் பொழுது பார்த்து, நூல் பிடித்துத் திசை குறித்து, மனை வகுத்த சிற்பிகளைப் பற்றி அதில் படிக்கிறோம். அந்த அரண்மனையில் நிலவின் பயனைக் கொள்ளும் வெண்மையான முற்றம் இருக்கிறது. அதிலிருந்து மழைநீர் விழுவதற்கு மகரமீன் வாய் பிளந்தாற்போல ஒரு குழாய். அதன் பெயர் அம்பணம். அது நிறைந்து, நீர் அருவியாக விழும் ஓசையைப் புலவர் கேட்கிறார். நிலாமுற்றத்தைப் பாடிய கையோடு அதன் பீலியையும் பாடிய புலவரை நான் மேசன்மாருக்கும் சிபாரிசு செய்வேன். அதே பாட்டின் முன்பகுதியில், வாடைக்காலம் என்பதால் வேனிற் காலத்துக்கென்று அமைத்த மேல்மாடத்துப் பள்ளியின் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. விசிறி வேலையற்றுத் தொங்குகிறது. கூஜாத் தண்ணீர் குடிப்பாரின்றி இருக்க, மக்கள் நெருப்பை நாடுகிறார்கள். வீடு என்பது பருவத்தோடு ஏறி இறங்கும் வாழ்க்கை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தரகருடைய ‘காற்றோட்டமுள்ள’ என்ற சொல்லில் எந்தக் காற்று, எந்த மாதம் என்ற விபரம் கிடையாது. வைகாசியில் அக்காவின் மொட்டைமாடியில் கொடியில் போட்ட வேட்டி தெகிவளைக்குப் போய்விடும்.

மேல்நாட்டாரும் இந்த முற்றத்தைப் பிந்தியேனும் கண்டுகொண்டார்கள். பிரான்சின் மார்செய் நகரில் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் 1952-இல் முடித்த தொடர்மாடியின் உச்சியில் சிறுவர் பள்ளியும் ஆழங்குறைந்த தடாகமும் ஓட்டப் பாதையும் வைத்தார். நம் கொழும்பில் ஜெப்ரி பாவா, பகத்தலை வீதியின் 33-ஆம் ஒழுங்கையில் 1950-களின் இறுதியில் ஒரு சிறு வீட்டில் குடியிருக்கத் தொடங்கி, அடுத்த பத்தாண்டுக்குள் வரிசையிலிருந்த நான்கு வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கிக்கொண்டார். அதற்கும் உச்சியில் ஒரு மொட்டைமாடி உண்டு. 2003-இல் அவர் காலமான பின் அந்த வீடு ஒரு நம்பிக்கை நிதியத்தின் பராமரிப்புக்கு வந்து, பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது.

ஆனால் பாவாவின் மொட்டைமாடி பாவாவுடையது. தொடர்மாடியில் அப்படிச் சொல்ல முடியாது. இலங்கையில் 1973-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மனைகளுக்கு வெவ்வேறு உறுதி எழுத வழி செய்தது. அத்திவாரம், தூண், முதன்மைச் சுவர், கூரை என்பன எல்லா உடைமையாளருக்கும் பொதுவானவை என்பது அதன் அடிப்படை. அறை என்னுடையது, அதைத் தாங்கும் தூண் நம்முடையது. தன்மை ஒருமைக்கும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மைக்கும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை! ஆகவே ‘மொட்டைமாடியுடன்’ என்று விளம்பரத்தில் போடுமுன், பதிவு செய்த கட்டடப் படத்தை விரித்துப் பார்த்தோம். முன்பாதி அக்காவின் மனையோடு சேர்ந்தது என்று படத்தில் தெளிவாகக் கீறியிருந்தது. தண்ணீர்த் தாங்கிகள் நிற்கும் பின்பாதி பொது. இத்தனை வருடமும் பின்பாதியிலும் அக்காதான் ஒடியலும் வடகமும் காயப்போட்டு வந்தாள். மூன்றாம் மாடிக்காரர் மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அக்காவுக்கு அது மொட்டைமாடியே அன்று. முற்றம். நம் நாற்சார் வீடுகளில் நடுவே வானம் தெரிய ஒரு முற்றம் இருந்தது. வன்னியில் மண் வீட்டுக்கு முன்னால் சாணம் தெளித்துக் கூட்டிய முற்றம் இருந்தது. சித்திரை வெக்கைக்கு ஊரே அதில்தான் படுத்தது. நம் முற்றம் தரையில் இருந்தது. கொழும்பில் தரை இல்லாதபடியால் அது ஆறாம் மாடிக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தைப்பொங்கல் விடிகாலையில் மேலே நின்று பாருங்கள். ஒவ்வொரு மொட்டைமாடியிலும் மூன்று கல்லு, ஒரு பானை, ஒரு குடும்பம், கிழக்கு நோக்கி.

எங்கள் குடும்பத்துக்கு வீடு விற்றுப் பழக்கமில்லை. அப்பாவுக்குக் கிடைத்தது குடியேற்றத் திட்டத்துப் பெர்மிட் காணி. 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வந்தது. நினைத்தபடி விற்க முடியாது. அதனால் அதற்கு என்ன விலை என்று அப்பா ஒருநாளும் யோசித்ததில்லை. 2008-ஆம் ஆண்டின் கடைசியில் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது வீட்டை விட்டார், கதவை விடவில்லை. முன்கதவை நிலையோடு கழற்றி, ஓடுகளையும் இறக்கி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தருமபுரம் வரை போனோம். அந்த வழியில் போன ஒவ்வொரு பெட்டியிலும் யாரோ ஒருவரின் கதவு படுத்திருந்தது. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்ற சிறுகதையைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, தீர்வைப் பாக்கிக்காகக் கழற்றிச் செல்லப்பட்ட கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துத் தொட்டுப் பார்க்கும் இடத்தில் நான் இலக்கிய நயம் எழுதிப் புள்ளி வாங்கியவன். அந்தக் கதை நயத்துக்காக எழுதப்பட்டதன்று என்று விளங்கியது விசுவமடுவில், எங்கள் கதவை மழையில் விட்டுவிட்டு நடந்த அன்றுதான்.

திரும்பி வந்தபின், இந்திய வீட்டுத் திட்டத்தில் அம்மாவின் பெயருக்கு வீடு கிடைத்தது. ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபாய், கட்டம் கட்டமாக. 550 சதுர அடி. மேசனுக்கு உதவியாளாக நானும் நின்றேன். பிளேட் இல்லை, ஓடு. முற்றம் மட்டும் பழைய முற்றம்.

அக்கா அந்த முற்றத்துக்குத்தான் வரப்போகிறாளாம். ரொறன்ரோவில் உள்ள பிள்ளைகள் அங்கே வரச் சொல்கிறார்கள். "குளிருக்குள்ள கண்ணாடியால முற்றத்தைப் பாத்துக்கொண்டு இருக்கவோ?" என்று கேட்கிறாள். என் பங்குக்கு, "அக்கா, அங்க சின்ன வீடு, நீங்கள் இருந்து பழகின வசதி இல்லை" என்று சொன்னேன். சொன்னபோதே என் குரலில் வேறொன்று இருந்ததை அவள் கவனித்திருப்பாள். மாதரி வீட்டைப் பற்றி வகுப்பில் உருகிப் பேசுகிறவன், சொந்த அக்கா வருகிறாள் என்றதும் அறைக் கணக்குப் பார்த்தேன்.

அப்போது அவள் ஒரு பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தாள். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை 1707-இல் எழுத்தில் தொகுத்தார். காணி விற்பவர் முதலில் உரிமைக்காரருக்கும் பங்காளிக்கும், அடைமானம் பிடித்திருந்த அயலாருக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் பிறத்தியாருக்கு விற்கலாம் என்பது அதில் கண்ட வழமை. முன்னாளில் அறிவித்தலுக்குத் தவணையும் இருந்தது. ஒரே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம். அயலூரில் இருப்பவருக்கு மூன்று மாதம். வேறு மாகாணத்தில் இருப்பவருக்கு ஆறு மாதம். பிறநாட்டில் இருப்பவருக்கு ஒரு வருடம். ஒல்லாந்தர் இதைச் சுருக்கி, கோவிற்பற்றுத் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து அறிவித்தால் போதும் என்றார்கள். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அயலாரை விலக்கிவிட்டு, பங்காளிக்கும் உரிமைக்காரருக்கும் மட்டும் அந்த முன்னுரிமையை வைத்தது. இதெல்லாம் வடமாகாணத்து ஆதனத்துக்கே, வெள்ளவத்தைக்குச் செல்லாது. அக்காவுக்கும் அது தெரியும்.

பிறநாட்டில் இருப்பவருக்கு ஒரு வருடம்! தபாற் கப்பல்கூட ஒழுங்காக ஓடாத காலத்தில், கடல் கடந்து போன ஒருவனுடைய சொல்லுக்காக ஒரு போகம் முழுவதும் காத்திருக்கச் சம்மதித்த சமூகம் அது. நாம் இன்று நொடியில் தொலைபேசியில் பேசி, நொடியில் பதில் வாங்குகிறோம். நான் இதில் கண்டது வேறொரு நுட்பம். அந்த வழமை உறவினரை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்கப்பட வேண்டும் என்றுதான் சொன்னது. கேட்கப்பட்டவனும் எனக்கு வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு, ‘எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை’ என்று குறைபட இடமில்லை.

அக்கா என்னிடமும் கேட்டாள். வரவேற்பறைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முறைப்படி, "தம்பி, இந்த வீட்டை விக்கப்போறன். உனக்கு வேணுமோ?" என்றாள். ஆசிரியர் சம்பளத்தில் அந்த வீட்டின் மொட்டைமாடிப் படிக்கட்டைக்கூட வாங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். சிரிப்பு வரவில்லை. "வேண்டாம் அக்கா" என்றேன். அடுத்ததாக, "நான் அங்க வந்தால் உனக்குக் கரைச்சலோ?" என்று கேட்டாள். அதற்கும் வாய் திறந்துதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "இல்லை" என்றேன். முதற் பதிலைவிட இரண்டாவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கிணற்றடிப் பக்கமாக ஒரு அறை இறக்கலாம் என்று பிறகு இருவரும் கடதாசியில் கீறிப் பார்த்தோம்.

ரொறன்ரோவுக்கும் அதே இரவில் எடுத்தாள். மூத்தவன், "நீங்களே பாருங்கோ அம்மா" என்றான். இளையவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மொட்டைமாடியில் எடுத்த தன் பள்ளிக்கூடக் காலத்துப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள், பின்னால் கொடியில் வேட்டி. அவளுக்கு ஒரு வருடத் தவணை உண்டு என்று அக்கா அறிவித்துவிட்டாள். தரகருக்கு இதை விளங்கப்படுத்தப் பட்ட பாடு தனிக்கதை.

விளம்பரத்தையும் முடித்துக் கொடுத்தேன். அக்கா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதியது: ‘வெள்ளவத்தை. ஆறாம் மாடி. 3 அறை. 2017-இல் திருத்தியது. மொட்டைமாடி முன்பாதி சேர்த்தி. ஒழுக்கில்லை. தெளிவான உறுதி.’ ‘நிலா’ என்ற சொல்லை எங்காவது நுழைக்கலாமா என்று கேட்டேன்.

"வாறவை இரவில வந்து பாக்கட்டும்" என்றாள்.